அடுத்த ஆம்புலன்ஸ் வாங்கும் முன்பு: கொங்கு நாட்டுச் சங்கங்களுக்கும் அறக்கட்டளைகளுக்கும் ஒரு திறந்த மடல்

கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர், நாமக்கல், சேலம் பக்கத்து ஊர்களில் ஆம்புலன்ஸ் விட்டுக்கொண்டிருக்கும் அரிமா, ரோட்டரி சங்க நிர்வாகிகளுக்கும், ஊர் அறக்கட்டளைக்காரர்களுக்கும், நற்பணி மன்றத்தாருக்கும் வணக்கமுங்க.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். அடுத்த ஆம்புலன்ஸை வாங்காதீர்கள். அதற்கு ஒதுக்கிய பணத்தில் முறையாகப் படித்த ஒரு நர்சைச் சம்பளத்துக்கு வைத்து, ஒரு ஸ்கூட்டரும் வாங்கிக் கொடுத்து, உங்கள் ஊரிலும் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலும் படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களை வீட்டுக்கே போய்ப் பார்க்க ஏற்பாடு செய்யுங்கள். இந்த மடல் முழுக்க நான் கேட்கப்போவது இது ஒன்றைத்தான்.

உங்கள் வண்டிகளின் அருமை தெரியாமல் பேசவில்லை. தமிழ்நாட்டில் 108 ஓடத் தொடங்கியதே 2008 செப்டம்பரில்தான். அதற்கு முன்னால் அவிநாசி ரோட்டிலோ சேலம் பைபாஸிலோ ஒருவர் அடிபட்டுக் கிடந்தால் தூக்கிப் போட்டுக்கொண்டு போனவர்கள் லாரிக்காரர்கள், வாடகைக் கார்க்காரர்கள், அப்புறம் நீங்கள் வீடு வீடாக, கடை கடையாக நன்கொடை திரட்டி வாங்கி நிறுத்தியிருந்த வேன்கள். அந்த வேன்களால் பிழைத்தவர்கள் எங்கள் சொந்தத்திலேயே இருக்கிறார்கள். அந்த நன்றி எனக்கு எப்போதும் உண்டு, அதனால்தான் வேறு யாருக்கும் எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

ஆனால் இப்போது காலம் வேறு. விபத்துக்கும் மாரடைப்புக்கும் 108 வருகிறது. அரசு ஆஸ்பத்திரியில் பிரசவமான பெண்ணையும் குழந்தையையும் வீட்டில் கொண்டுவந்து விட 102 இருக்கிறது. அங்கே இறந்துபோனவரை ஊருக்குக் கொண்டுவர 155377 என்ற எண்ணில் இலவச அமரர் ஊர்தி இருக்கிறது. பிறப்புக்கும் இறப்புக்கும் வண்டி ஏற்பாடாகிவிட்டது. பக்கவாதம் வந்து ஒரு கை ஒரு கால் விழுந்து, மூக்கில் ஒரு டியூப், யூரினுக்கு ஒரு டியூப் என்று போட்டு, "இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று அனுப்பப்படும் பெரியவருக்கு என்ன இருக்கிறது? காசு கொடுத்தால் வாடகை ஆம்புலன்ஸ் வீட்டு வாசல் வரை வரும். ஸ்ட்ரெச்சரிலிருந்து கட்டிலுக்கு மாற்றிவிட்டு அவர்கள் போய்விடுவார்கள். அந்த நிமிஷத்திலிருந்து அந்த வீட்டுக்கு ஆளே கிடையாது.

என் வீட்டுக்காரரின் அம்மாவை அப்படித்தான் கூட்டிவந்தோம். காங்கயம் பக்கம் தோட்டத்து வீடு, மெயின் ரோட்டிலிருந்து இட்டேரி வழியாக உள்ளே வர வேண்டும். ஆஸ்பத்திரியில் கொடுத்த ஃபைல் கனமாக இருந்தது, மாத்திரைச் சீட்டு இரண்டு பக்கம் இருந்தது, ஸ்கேன் படங்கள் இருந்தன. படுத்தே கிடப்பவரை எப்படிப் புரட்டிப் போடுவது, டியூபில் கூழ் ஊற்றும்போது தலையை எவ்வளவு உயர்த்தி வைப்பது, எந்த இடத்தில் புண் முதலில் வரும் என்று சொல்லித்தர அங்கே யாருக்கும் நேரம் இல்லை. நாங்கள் ஒரு ஏஜென்சியில் பணம் கட்டி ஆள் வைத்தோம். "ஹோம் நர்ஸ்" என்று வந்த பெண் பாவம், அதற்கு முந்தின மாதம் வரை துணிக்கடையில் நின்றவர். டெம்பரேச்சர் பார்க்கத் தெரியாது. அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன், அவரை அந்தப் பெயரில் அனுப்பிவைத்தவர்களைத்தான் சொல்ல வேண்டும். அத்தைக்கு இடுப்புக்குக் கீழே, முதுகுத்தண்டு முடிகிற இடத்தில், முதலில் சிவந்தது, அப்புறம் தோல் உரிந்தது, அப்புறம் குழியே விழுந்துவிட்டது.

அந்தச் சமயத்தில் பக்கத்து ஊரில் ஓய்வுபெற்று வீட்டில் இருந்த ஒரு நர்சம்மா கேள்விப்பட்டு, யாரும் கூப்பிடாமலேயே வந்தார். அவர் செய்தது பெரிய வைத்தியம் எதுவும் இல்லை. பழைய வேட்டி ஒன்றை நாலாக மடித்து இடுப்புக்குக் கீழே விரித்து, இரண்டு பேர் ஆளுக்கொரு முனையைப் பிடித்தால் எலும்பு வலிக்காமல், தோல் உரசாமல் ஆளை நகர்த்தலாம் என்று காட்டினார். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் இடது, வலது, மல்லாக்க என்று மாற்றச் சொல்லி சுவரில் கரியால் எழுதியே வைத்துவிட்டார். குதிகால் மெத்தையில் படாமல் கெண்டைக்காலுக்குக் கீழே தலையணை. கூழ் ஊற்றும்போது தலைமாட்டைத் தூக்கி வைத்து, ஊற்றி முடித்தும் அரை மணி நேரமாவது அப்படியே விட வேண்டும், இல்லாவிட்டால் நெஞ்சுக்குள் ஏறி நிமோனியாவில் கொண்டுபோய் விடும். யூரின் பை எப்போதும் இடுப்புக்குக் கீழேதான் தொங்க வேண்டும். புண் மெள்ள மெள்ள ஆறியது. பெருந்துறைக்கோ கோயம்புத்தூருக்கோ மறுபடி தூக்கிக்கொண்டு ஓட வேண்டியிருக்கவில்லை. யோசித்துப் பாருங்கள், அந்த அம்மா வராமல் இருந்திருந்தால் எங்களுக்குக் கிடைத்திருக்கக்கூடிய ஒரே உதவி இன்னொரு ஆம்புலன்ஸ்தான்.

இது புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டிய சேவையே இல்லை என்பதுதான் எனக்குப் பெரிய ஆதங்கம். போன நூற்றாண்டின் நடுவில் ஆம்புலன்சும் வீட்டு நர்சிங்கும் சேர்ந்தே இருந்தன. செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் அமைப்பு முதலுதவி வகுப்பு நடத்திய அதே பெஞ்சில்தான் வீட்டு நர்சிங் வகுப்பும் நடத்தியது: நோயாளி படுத்திருக்கும்போதே விரிப்பை மாற்றுவது, படுக்கையிலேயே உடம்பு துடைத்துவிடுவது, ஜுரம் பார்த்துக் குறித்து வைப்பது. பிரிட்டனில் 1946-ல் போட்ட தேசிய சுகாதாரச் சேவைச் சட்டத்தில் 25-ஆவது பிரிவு வீட்டு நர்சிங், 27-ஆவது பிரிவு ஆம்புலன்ஸ். இரண்டுமே உள்ளாட்சிகளின் கடமை என்று எழுதினார்கள். 1948 ஜூலை 5-ஆம் தேதி அது நடைமுறைக்கு வந்தபோது பல ஊர்களில் ஆம்புலன்சை ஓட்டியது புதுசாக வந்த அரசு ஆட்கள் அல்ல, ஏற்கெனவே ஓட்டிக்கொண்டிருந்த செயின்ட் ஜான், செஞ்சிலுவைத் தொண்டர்கள்தான், அதாவது உங்களைப் போன்றவர்கள். அந்த வட்டாரத்து நர்சு சைக்கிளிலோ சின்னக் காரிலோ வீடு வீடாகப் போய் ஊசி போட்டு, புண் கட்டி, குளிப்பாட்டிவிட்டு வந்தார். அதே அமைப்புகள் இன்னொன்றும் செய்தன, எனக்கு ரொம்பப் பிடித்தது அதுதான்: சக்கர நாற்காலி, பெட்பேன், காற்று வளையம், முதுகுக்குச் சாய்மானம் என்று சாமான்களை ஒரு இடத்தில் வைத்துக்கொண்டு, வேண்டியவர்களுக்கு இரவல் கொடுத்து, ஆள் தேறினதும் திருப்பி வாங்கிக்கொண்டார்கள்.

இங்கே அப்போது என்ன நிலைமை? நாட்டின் சுகாதார நிலைமையை ஆராய அன்றைய அரசு சர் ஜோசப் போர் (Bhore) என்பவர் தலைமையில் அமைத்த குழு 1946-ல் கொடுத்த அறிக்கை சொன்னபடி நாடு முழுக்க ஏறத்தாழ 7,000 நர்சுகள்தான், 43,000 பேருக்கு ஒருவர். அப்படிப்பட்ட காலத்திலேயே அந்தக் குழு, 40,000 பேருக்கு ஒரு ஆரம்ப சுகாதார நிலையம் வேண்டும், அதில் இரண்டு டாக்டர்களோடு நான்கு பொதுச் சுகாதார நர்சுகளும் நான்கு மிட்வைஃப்களும் இருக்க வேண்டும் என்று கேட்டது. கணக்கைக் கவனியுங்கள், டாக்டரைவிட, வீட்டுக்குப் போகிறவர்கள் எண்ணிக்கை அதிகம். நம் ஊர்களில் எல்.எம்.பி. என்ற அந்தக் காலத்து டிப்ளமா படித்த டாக்டர்கள் சைக்கிளிலும் வில்வண்டியிலும் தோட்டத்துக்கே வந்து பார்த்த காலம் அது. போக முடியாத நிலையில் ஆளைக் கயிற்றுக் கட்டிலோடு நான்கு பேர் தூக்குவார்கள், அல்லது மாட்டு வண்டியில் வைக்கோல் பரப்பிப் படுக்க வைத்துக் கொண்டுபோவார்கள்.

கோயம்புத்தூர் மில்களுக்கு இதில் தனி இடம் உண்டு. 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம் 500 பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் ஆம்புலன்ஸ் ரூம் கட்டாயம் என்றது, முதலுதவிப் பெட்டிக்குப் பொறுப்பாகப் பயிற்சி பெற்ற ஒருவர் இருக்க வேண்டும் என்றது. அதே வருஷத்து இ.எஸ்.ஐ. சட்டம், அதாவது தொழிலாளர் காப்பீட்டுச் சட்டம், தொழிலாளிக்கு வைத்தியம் ஆஸ்பத்திரியில் மட்டும் அல்ல, வீட்டுக்கு வந்து பார்ப்பதாகவும் இருக்கலாம் என்று எழுதியது. அந்த இ.எஸ்.ஐ. திட்டம் அன்றைய சென்னை மாநிலத்தில் முதன்முதலில் தொடங்கப்பட்ட ஊர் எது தெரியுமா? தலைநகரம் இல்லை, நம் கோயம்புத்தூர், 1955 ஜனவரியில். வீட்டுக்கு வந்து பார்ப்பதையும் வைத்தியம் என்று சட்டத்தில் எழுதிய திட்டத்துக்கு மாநிலத்திலேயே முதல் வாசல் திறந்த மண் இது.

இன்னொரு விஷயம் பெருந்துறை. இன்றைக்கும் பஸ்ஸில் "சானிடோரியம் ஒரு டிக்கெட்" என்று கேட்கும் வயதானவர்கள் இருக்கிறார்கள். அங்கே இருந்தது காசநோய்க்கான இராமலிங்கம் சானிடோரியம். காசம் என்றால் குடும்பத்தை விட்டுப் பிரிந்து மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் அங்கே போய்ப் படுக்க வேண்டும், நல்ல காற்று, நல்ல சாப்பாடு, ஓய்வு, அதுதான் வைத்தியம் என்று நம்பிய காலம். 1956-ல் சென்னையில் தொடங்கிய காசநோய் சிகிச்சை ஆய்வு மையம் அந்த நம்பிக்கையை நேருக்கு நேர் சோதித்தது. 193 நோயாளிகளை எடுத்துக்கொண்டு, சீட்டுப் போட்டதுபோல ஒரு பாதிப் பேரைச் சானிடோரியத்துக்கும் மறு பாதிப் பேரை அவரவர் வீட்டுக்கும் பிரித்து, இரண்டு பக்கத்துக்கும் ஒரே மாத்திரையை ஒரு வருஷம் கொடுத்தார்கள். வீட்டில் இருந்தவர்கள் நெரிசலான சின்ன வீடுகளில் இருந்த ஏழைகள், அவர்களுக்குக் கிடைத்த சாப்பாடும் மட்டம். இருந்தும் முடிவில் இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமமாகவே தேறினார்கள், வீட்டில் இருந்தவர்களால் குடும்பத்தாருக்குக் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. 1959-ல் அந்த முடிவு வெளிவந்ததும் உலகம் முழுக்கவே காசநோய் சிகிச்சையின் போக்கு மாறியது. மாத்திரை நல்ல மாத்திரை என்பது பாதிக் காரணம். மீதிக் காரணம், வீட்டுக்குப் போய் மாத்திரையை எண்ணிப் பார்த்து, விழுங்குகிறாரா என்று விசாரித்து, வீட்டாரோடு உட்கார்ந்து பேசிவிட்டு வந்த சுகாதார ஊழியர்கள். தமிழ்நாட்டில் நிரூபித்து உலகத்துக்குக் கொடுத்த பாடம் இது. அதை நாமே மறந்துவிட்டோம்.

எப்படி மறந்தோம் என்பதற்கு ஒரு காரணம் எனக்குத் தோன்றுகிறது. ஆம்புலன்ஸ் வளர்ந்தது, வளர வேண்டியதுதான். ஐம்பதுகளில் அதில் ஸ்ட்ரெச்சர், கம்பளி, சிம்பு வைத்துக் கட்டும் கட்டை, இவ்வளவுதான். அமெரிக்காவிலேயே 1966-ல் வந்த ஒரு அறிக்கை, அந்த நாட்டு ஆம்புலன்ஸ் சேவையில் பாதியை ஈமச்சடங்கு நடத்துகிறவர்கள்தான் பார்க்கிறார்கள் என்று சொன்னது, ஆளைப் படுக்க வைத்துக் கொண்டுபோகிற வண்டி அவர்களிடம்தான் இருந்தது. அதே 1966-ல் பெல்ஃபாஸ்டில் பான்ட்ரிட்ஜ் என்ற டாக்டர் இதயத்துக்கு அதிர்ச்சி கொடுக்கும் கருவியை வண்டியிலேயே ஏற்றினார். அதிலிருந்து வண்டிக்குள் கருவிகள் கூடின, பயிற்சி கூடியது, மரியாதையும் கூடியது. வீட்டு நர்சிங் அப்படி வளரவில்லை. அதில் சைரன் இல்லை, படம் எடுத்துப் போட ஒன்றும் இல்லை, அப்புறம் அது எப்போதுமே வீட்டுப் பெண்கள் சும்மா செய்துகொண்டிருந்த வேலை. மருமகள் பார்த்துக்கொள்வாள் என்று எல்லோரும் இருந்துவிட்டார்கள்.

அந்த மருமகள் இப்போது திருப்பூரில் பனியன் கம்பெனியில் ஷிப்ட் பார்க்கிறாள். ஒற்றைப் பிள்ளையோடு நிறுத்திக்கொண்ட குடும்பங்கள் நம் பக்கம் எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும். அந்த ஒரு பிள்ளையும் பெங்களூரிலோ அமெரிக்காவிலோ. தோட்டத்தில் அப்பாவும் அம்மாவும் மட்டும், சாளையில் நாலு மாடு, ஒருவர் படுத்துவிட்டால் இன்னொரு எழுபது வயதுக்காரர்தான் தூக்கிப் புரட்ட வேண்டும். பக்கத்துத் தோட்டத்துக்குக் கூப்பிட்டால் சத்தம் எட்டாது. நம் ஊர்களில் சாவு விழுந்தால் அரை மணி நேரத்தில் குளிர்பெட்டி வந்துவிடுகிறது, அதையும் நீங்கள்தான் வாங்கி வைத்திருக்கிறீர்கள். உயிரோடு படுத்திருப்பவருக்கு ஒரு காற்று மெத்தை கேட்டால் ஊரில் யாரிடமும் இல்லை. இதை எழுதும்போதே எனக்கு நெஞ்சு அடைக்கிறது, அத்தைக்காக ஒரு ராத்திரி முழுக்க ஊர் ஊராகப் போன் போட்டு அதைத் தேடியிருக்கிறோம்.

அதனால் முதல் வேலையாக, குளிர்பெட்டி வைத்திருக்கும் அதே ரூமில் ஒரு இரவல் சாமான் கிடங்கு தொடங்குங்கள். காற்று மெத்தை, தலைமாடு தூக்குகிற ஆஸ்பத்திரிக் கட்டில், சக்கர நாற்காலி, வாக்கர், பெட்பேன், சளி உறிஞ்சுகிற மெஷின், முடிந்தால் ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர். கொரோனா சமயத்தில் கான்சன்ட்ரேட்டர்கள் நிறைய நன்கொடையாக வந்தன, எங்கேயாவது தூசி படிந்து கிடப்பவற்றைத் தேடி எடுத்துச் சர்வீஸ் செய்யுங்கள். பல வீடுகளில் பெரியவர் போன பிறகு இந்தச் சாமான்கள் பரணில் கிடக்கின்றன, கேட்டால் மனசாரக் கொடுப்பார்கள். ஒரு நோட்டும் ஒரு முன்பணமும் போதும், திருப்பி வரும்போது கிருமிநாசினி போட்டுத் துடைத்து வைக்க ஒரு ஆள்.

ஆனால் சாமானோடு நின்றுவிடாதீர்கள். காற்று மெத்தை இருந்தாலும் புரட்டிப் போடத்தான் வேண்டும், அதைச் சொல்ல ஆள் வேண்டும். இங்கேதான் நர்ஸ். ஒரு வண்டி வாங்கும் விலையில் அவருக்குப் பல வருஷச் சம்பளம் கொடுக்கலாம், அதுவும் டீசல், டிரைவர், எஃப்.சி., இன்ஷூரன்ஸ் எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் இன்னும் கூடும். அவர் எல்லா வீட்டிலும் நாள் முழுக்க உட்கார வேண்டியதில்லை. வாரம் ஒரு தரமோ இரண்டு தரமோ போய்ப் புண்ணைப் பார்த்து, டியூபை உரிய நாளில் மாற்றி, டாக்டரிடம் போனில் கேட்டு, அந்த வீட்டில் பார்த்துக்கொள்கிறவருக்குக் கற்றுக்கொடுத்துவிட்டு வந்தால் போதும். கொடுக்கும் சம்பளம் கௌரவமானதாக இருக்கட்டும். தோட்டத்து வழியில் தனியாகப் போகிற பெண்ணின் பாதுகாப்புக்கு ஒரு துணையும், போகிற வீட்டு விவரம் அலுவலகத்தில் இருப்பதும் அவசியம். டாக்டர் இல்லாமல் நர்சை மட்டும் தனியாக விடக் கூடாது, உங்கள் சங்கங்களில் டாக்டர் உறுப்பினர்கள் இல்லாத ஊர் உண்டா என்ன, வாரத்துக்கு ஒரு மணி நேரம் கேளுங்கள்.

அரசாங்கம் செய்கிறதே என்பீர்கள். மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி தொடங்கியது, பிரஷருக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வீட்டுக்கே வருகிறது, அது நம் பக்கத்துக் கிழவர்களுக்குப் பெரிய உபகாரம். படுத்த படுக்கையானவர்களைப் பார்க்கவும் அதில் வட்டாரத்துக்கு ஒரு நர்சும் ஒரு பிசியோதெரபிஸ்டும் இருக்கிறார்கள். ஒரு வட்டாரம் எவ்வளவு பெரிசு என்று தாராபுரத்துப் பக்கம் போய் நின்று பார்த்தால் தெரியும், அந்த ஒருவரால் எத்தனை வீட்டுக்குப் போக முடியும்? அவரோடு போட்டி போடாமல், அவரையே முதலில் போய்ப் பாருங்கள். யார் வீட்டில் யார் கிடக்கிறார் என்ற பட்டியல் அவரிடம் இருக்கும், போய்ச் சேர முடியாத வீடுகளை உங்கள் நர்ஸ் எடுத்துக்கொள்ளட்டும்.

வாளையாறு தாண்டிப் போனால் இது நடப்பதைக் கண்ணால் பார்க்கலாம். படுத்த படுக்கையானவர்களின் வலியைத் தணித்துப் பார்த்துக்கொள்ளும் இந்தப் பாலியேட்டிவ் சேவை கேரளாவில் 1993-ல் கோழிக்கோட்டில் ஒரு சின்ன அமைப்பாகத் தொடங்கியது, அப்புறம் மலப்புறம் பக்கம் ஊர்க்காரர்களே கடை உண்டியல் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பணம் சேர்த்து, தொண்டர்களைப் பழக்கி நடத்தினார்கள். 2008-ல் அந்த மாநிலம் அதற்கென்று கொள்கையே வகுத்தது, பஞ்சாயத்துகள் நர்ஸ் வைத்து வீட்டுக்கு அனுப்புகின்றன. பாலக்காட்டுக்கும் பொள்ளாச்சிக்கும் நடுவில் இருக்கிற தூரம் எவ்வளவு? ஒரு நாள் வேன் எடுத்துக்கொண்டு நிர்வாகிகள் எல்லோரும் போய், அங்கே ஒரு நர்ஸோடு நான்கு வீடு ஏறி இறங்கிவிட்டு வாருங்கள்.

ஒரு விதிவிலக்கு சொல்ல வேண்டும். பர்கூர், கடம்பூர், தாளவாடி மலைகளில் இன்னமும் தொட்டில் கட்டி ஆளைத் தூக்கி வரும் கிராமங்கள் இருக்கின்றன. அங்கே வண்டி வேண்டும், மண் ரோட்டில் ஏறுகிற ஜீப் மாதிரி வண்டி. வண்டிதான் கொடுப்போம் என்று உறுதியாக இருப்பவர்கள் தயவுசெய்து மலைக்குக் கொடுங்கள். கீழே ஏற்கெனவே ஓடுகிற வண்டிகளை, டிஸ்சார்ஜ் ஆகிறவர்களை வீட்டில் கொண்டுவந்து சேர்க்கவும், டயாலிசிஸ் போகிறவர்களைக் கூட்டிப்போகவும் குறைந்த கட்டணத்தில் விடுங்கள்.

வண்டி என்றால் பெயர் எழுதலாம், கொடியசைக்கலாம், நன்கொடை கொடுத்தவருக்கும் ஒரு திருப்தி இருக்கும், நர்ஸ் சம்பளத்துக்கு யார் கொடுப்பார் என்று ஒரு நிர்வாகி என்னிடமே கேட்டார். கேள்வி நியாயமானது. நம் ஆட்களுக்குத் திவசத்துக்கு அன்னதானம் போடும் பழக்கம் இருக்கிறது. அப்பா நினைவு நாளில் ஒரு மாதச் சம்பளம், அம்மிச்சி பெயரில் ஒரு காற்று மெத்தை என்று கேட்டுப் பாருங்கள். படுத்துக் கிடந்து போனவரைப் பார்த்துக்கொண்ட வீட்டுக்காரர்கள் ஒருவரும் இல்லையென்று சொல்ல மாட்டார்கள்.

ரோட்டரிக்கும் அரிமாவுக்கும் புது வருஷம் ஜூலையில் பிறக்கிறது. பதவியேற்பு விழாவில் அறிவிக்கும் திட்டங்களை இப்போதே முடிவு செய்துகொண்டிருப்பீர்கள். அந்தக் கூட்டத்தில் இதை ஒரு பொருளாக எடுத்துப் பேசுங்கள். எங்கள் வீட்டில் இருக்கும் கட்டிலும் மெத்தையும் வாக்கரும் முதல் நன்கொடையாகத் தயாராக இருக்கின்றன. படுத்தவரைப் புரட்டிப் போடவும் டியூபில் ஊட்டவும் அந்த நர்சம்மா எனக்குக் கற்றுக்கொடுத்ததை, அவரையே முன்னால் உட்கார வைத்து, உங்கள் ஊர்ப் பெண்களுக்கும் ஆண்களுக்கும் சொல்லித்தர ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறேன். அவரிடமும் கேட்டுவிட்டேன், வருகிறேன் என்று சொல்லிவிட்டார்.

அன்புடன்,
காங்கயம் பக்கத்திலிருந்து ஒரு மருமகள்